குதிகாலுக்குத் தோதா ஒரு பள்ளம்

நெம்பச் சந்தோசமுங்க தம்பி. டிரைவருக்குப் பொறத்தால இருக்கற சீட்ட இந்தக் காலத்துல யாருங்க விட்டுக் குடுக்கறாங்க? நானா இருந்தாக் குடுத்திருக்க மாட்டேன். முன்னால இருக்கற அந்தக் கம்பிக்காகத்தான் கேட்டனுங்க, நாம அவளுக்குப் பொறத்தால இந்தச் சீட்டுல உக்காந்துக்கலாம். கம்பியப் புடிச்சு முன்னால குனிஞ்சு உக்காந்தா அவளுக்கு வலி கொஞ்சம் அடங்கும். நிமுந்தா வலி, நின்னா வலி. பஸ் ஸ்டேண்டுக்குள்ள நடந்து வர்றதுக்குள்ள பாத்தீங்கல்ல, அங்கங்க எதையாச்சும் புடிச்சுக் குனிஞ்சு நின்னு நின்னு வந்தா. சனமெல்லாம் வாந்தி எடுக்கறாளாட்ட இருக்குதுன்னு வெலகிப் போகுது.

எங்கூட்டுக்காரிங்க. பேரு பூவாத்தா. கார் வெச்சுக் கூட்டிட்டு வாங்கப்பான்னு மக சொன்னா. அவ கோயமுத்தூர்லதான் இருக்கறா, ஆசுபத்திரிக்கு வந்துருவா. கார்ல பொறத்தால சாஞ்சு உக்காரோணுமுங்க, இவளுக்கு அது ஆகாது. பஸ்சே போதும்னுட்டா.

சிங்காநல்லூர்லயா எறங்கறீங்க? அப்பச் செரி, கடைசி வரைக்கும் ஒட்டுக்காத்தான். ஒரு ஒத்தாச பண்ணுங்க. அவ எடது கால் செருப்பு மேல ஒரு கண்ணு வெச்சுக்கங்க. எனக்குப் பார்வ கொஞ்சம் மட்டம். அது கழண்டு போனா அவளுக்குத் தெரியாது. ஆமாங்க, தெரியாது. அந்தக் கால்ல உணர்ச்சி இல்ல. அதுக்குத்தான் நாளைக்கு ஆப்பரேசன்.

நான் நாச்சிமுத்துங்க. காங்கயத்துல பஞ்சர் கடை. ஆனா பஞ்சர் நாச்சிமுத்துன்னு கேட்டா ஒருத்தனும் வழி சொல்ல மாட்டான். கால் நாச்சிமுத்துன்னு கேக்கோணும். பச்சக் கொழந்த கூட கையக் காட்டும். சிரிக்காதீங்க தம்பி, பட்டப் பேரு இல்ல அது. மரியாதப் பேரு.

எல்லாரும் தல மொதல்ல வந்து பொறப்பாங்க. நான் கால் மொதல்ல வந்து பொறந்தவன். எங்கம்மா செத்துப் பொழச்சாளாம். ஆனா ஊருக்கு அது நல்லதாப் போச்சு. கால்ல பொறந்தவன் மிதிச்சாச் சுளுக்கு ஓடிப்போகும், இடுப்புப் புடிப்பு உட்டுப்போகும், உங்க ஊர்லயும் சொல்லுவாங்கல்ல? சொல்லுவாங்க. எந்த ஊர்ல சொல்லாம இருக்காங்க? எனக்கு நடக்கத் தெரிஞ்ச நாள்ல இருந்து மிதிச்சிட்டு இருக்கறேன். எங்கம்மா என்னையக் கையப் புடிச்சுத் தூக்கிப் பெரிய பெரிய ஆளுக முதுகுல நிறுத்துவாளாம். எனக்கு நெனவில்ல, சொல்லக் கேள்வி.

வெள்ளிக்கெழம வெடியால வந்தா எங்கூட்டு வாசல்ல ஆள் இருக்கும். லாரி டிரைவருக, தறிக்காரங்க, பள்ளிக்கூட வாத்தியாரு ஒருத்தரு, எல்லாரும் வருவாங்க. பூவாத்தா தூக்குப்போசியில தண்ணி கொண்டாந்து என் காலக் கழுவி, துண்டுல தொடச்சு விடுவா. வெரலு இடுக்கெல்லாம் தொடைப்பா. ஈரக் கால்ல மிதிச்சாப் பலிக்காதுங்க. ஆளு பாயில குப்புறப் படுக்கோணும். நான் கெழக்கப் பாத்து நின்னு, சோத்துக் கைப் பக்கத்துக் கால மொதல்ல வெச்சு, அப்பறம் ஏறுவேன். அவ்வளவுதான். எந்திரிச்சு நடந்து போவாங்க. ஒருத்தங்க கிட்ட ஒரு டீ கூட வாங்கிக் குடிச்சதில்லீங்க. வாங்குனாப் போயிரும்.

பூவாத்தா கொப்பரக் களத்துக்குப் போயிட்டு இருந்தாங்க. எங்கூர்ப் பக்கம் வந்தீங்கன்னாத் தெரியும், எங்க பாத்தாலும் களம்தான். தேங்காய ஒடைச்சுக் காயப் போட்டு, பருப்ப நோண்டி, மறுபடி காய வெச்சு, பொழுதானாக் கூட்டி அள்ளி மூட்ட கட்டோணும். பொழுது முச்சூடும் குனிஞ்சேதான் வேல. கல்யாணமாகி வந்ததுல இருந்து அதுதான். அம்பது தாண்டுனதுக்கப்பறம் இடுப்பு வலிக்குதுன்னா. வலிக்கத்தானே செய்யும்? எல்லாப் பொம்பளைகளுக்கும் வலிக்குது.

ஊட்டுலயே மருந்த வெச்சுக்கிட்டு வெசனப்படறதுக்கு என்ன இருக்குதுங்க? படுன்னேன். படுத்தா.

இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல தம்பி. ஆயிரம் முதுகுல ஏறியிருக்கறேன். எல்லா முதுகும் ஒரே மாதிரிதான், பலகையாட்ட இருக்கும். இவளுக்கு மட்டும் இடுப்புக்குக் கீழ, நடு எலும்புல ஒரு பள்ளம். என் குதிகால் போயி உக்காந்தா அச்சு வார்த்தாப்பல இருந்துச்சு. நான் அசந்து போயிட்டேன். கால்ல பொறந்தவனுக்குக் கட்டி வெக்கறதுக்குன்னே அந்த ஆண்டவன் இவளப் படைச்சிருக்கறான்னு நெனச்சனுங்க. இத்தன வருசமாச் சண்ட புடிச்சோம், பேசாம இருந்தோம், எல்லாம் இருந்துச்சு. ஆனா அந்தப் பள்ளத்துல காலு வெச்சப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. நெசமாத்தான் சொல்றேன்.

"எப்படி இருக்குது பூவா?"ன்னு கேட்டேன்.

"பரவால்லீங் மாமா"ன்னா.

அவ பரவால்லன்னா பரவால்லன்னுதானே அர்த்தம்?

அதுக்கப்பறம் வெள்ளிக்கெழம ஆளுகெல்லாம் போனதுக்கப்பறம் கடைசியா அவளுக்கு. வேண்டாம்னு அவ சொன்னதே இல்ல. சில நாளைக்கு நானே மறந்து போயி வண்டிய எடுக்கப் போவேன், அப்பக் கூப்புட மாட்டா. வேல மும்முரம்னு நெனச்சுக்குவேன்.

இப்படியே போயிட்டு இருந்தது. அப்பறம்தான் வலி இடுப்ப உட்டுட்டு எடது காலுக்கு எறங்குச்சு. பொச்சுல இருந்து கெண்டக் காலு வரைக்கும் சுரீர்னு ஒரு இழுப்பு இழுக்குமாம். நின்னுட்டுச் சோறு ஆக்க முடியல. அடுப்புத் திண்டு மேல முழங்கையக் குத்திக் குனிஞ்சு நிப்பா. தள்ளுவண்டியப் புடிச்சுட்டு நடந்தா நல்லா நடக்கறா, வண்டிய உட்டா முடியல. எனக்கே சிரிப்பு வந்திருச்சு. என்னடி நடிக்கறயான்னு கேட்டுப்போட்டேன். வெளையாட்டுக்குக் கேட்டதுதான்.

ஊர்ல ஆளாளுக்கு ஜவ்வு வெலகிருச்சு, ஜவ்வு வெலகிருச்சுன்னாங்க. மக வந்து கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனா. நானும் போனேன். டாக்டரம்மா சின்ன வயசுதான், மொகம் பாத்துப் பேசற டாக்டரு. நிக்க வெச்சு ஒரு படம், குனிய வெச்சு ஒரு படம், நிமுர வெச்சு ஒரு படம்னு எடுத்தாங்க. அப்பறம் என்னையும் பக்கத்துல கூப்புட்டுக் காமிச்சாங்க. செங்கல்லு மேல செங்கல்லு அடுக்கி வெச்சாப்பல இருக்குதுங்க நம்ம முதுகெலும்பு. கீழ இருந்து ரெண்டாவது கல்லு முன்னால நகந்து நிக்குது. நேரா நிக்கோணும், அது வயித்துப் பக்கமா வழுக்கிப் போயிருக்குது.

"இது ஜவ்வு இல்லீங்கய்யா, எலும்பே நகந்திருக்கு"ன்னாங்க. "எலும்பு நகந்தா, நடுவால போற நரம்புக்கு வழி சுருங்கிப் போகும். நிமுந்து நின்னா இன்னும் சுருங்கும். குனிஞ்சா கொஞ்சம் தொறக்கும். அதனாலதான் அம்மா குனிஞ்சே நிக்கறாங்க."

பாவம், நடிக்கலீங்க அவ.

அப்பறம் டாக்டரம்மா இவளத் திரும்பி நிக்கச் சொல்லி, முதுகுல வெரல வெச்சு மேல இருந்து கீழ தடவிட்டே வந்தாங்க. ஒரு எடத்துல நிறுத்துனாங்க. "படிக்கட்டு மாதிரி எறங்குது பாருங்க, நகந்த எலும்பு இங்கதான்"ன்னு மகளோட கையப் புடிச்சு வெச்சுக் காமிச்சாங்க. எனக்குக் காமிக்கல. எனக்குக் காமிக்கவும் வேண்டியதில்ல. அந்த எடம் எனக்குத் தெரியும். டாக்டரு படிங்கறாங்க, நான் பள்ளம்னேன். வெரலுக்கு ஒண்ணு தெரியும், குதிகாலுக்கு வேற தெரியும்.

உக்கார வெச்சுட்டு, "யாராச்சும் முதுக மிதிச்சாங்களா? தட்டுனாங்களா? எண்ண போட்டு நீவுனாங்களா?"ன்னு கேட்டாங்க. நான் எந்திரிச்சுட்டேன். சொல்றதுக்குத்தான். கால்ல பொறந்தவன் நானே இருக்கறனுங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். இவ மேசைக்குக் கீழ என் கையப் புடிச்சு ஒரு கிள்ளு கிள்ளுனா பாருங்க, தோல் பிஞ்சிருச்சு.

"இல்லீங்க. களத்துல மூட்ட தூக்குனேன், அதுதான்"ன்னா.

ஏன் அப்படிச் சொன்னான்னு எனக்கு இன்னி வரைக்கும் வெளங்கலீங்க. கண்ணு பட்டுரும்னு நெனச்சிருப்பா. படிச்சவங்க கிட்டச் சொன்னாக் கேலி பண்ணுவாங்கன்னு நெனச்சிருப்பா. அப்படித்தானே இருக்கும்? வேற என்ன இருக்கப் போகுது?

டாக்டரம்மா வயசானாத் தேஞ்சு வழுக்கறது உண்டுன்னாங்க. உடனே கத்தி வெக்க வேண்டாம், பாதிப்பேருக்கு மேல இதுலயே அடங்கிரும்னு சொல்லி ஒரு பெல்ட்டு குடுத்தாங்க. களத்துக்குப் போகக் கூடாது, குனிஞ்சு பாரம் தூக்கக் கூடாது. பயிற்சி சொல்லிக் குடுக்கறதுக்கு ஒரு புள்ள வந்துச்சு. மல்லாக்கப் படுத்து முட்டிய நெஞ்சுக்கு இழுக்கோணும், வயித்த உள்ள இழுத்துப் புடிக்கோணும். அவ்வளவுதான். இதுக்கா இத்தன தூரம் வந்தோம்னு எனக்கு எரிச்சலா இருந்துச்சு. படுத்துட்டு வயித்த எக்கறது ஒரு வைத்தியமா?

ஆனாப் பொய் சொல்லக் கூடாதுங்க, கொறஞ்சுது. வெடிஞ்சதும் வெடியாததுமாப் பாயப் போட்டு அதச் செய்வா. மழைக்காலம் வந்து போறதுக்குள்ள நிமுந்து நின்னு தோச ஊத்துனா. கோயிலுக்கு நடந்தே போயிட்டு வந்தா. வெள்ளிக்கெழம நான் கூப்புட்டாப் பெல்ட்டக் காமிப்பா. "டாக்டரு கழட்டக் கூடாதுன்னுட்டாங்க மாமா"ம்பா. ஊருக்கெல்லாம் மிதிக்கறேன், கட்டுனவளுக்கு ஒரு துணிப் பெல்ட்டு போதுமாயிருச்சு. வருத்தம் இருக்காதுங்களா? உங்களுக்குன்னா இருக்காதா?

பல்லடம் வந்திருச்சு. ஏ பூவா! தண்ணி வேணுமா? வேண்டாமாம். தண்ணி குடிச்சா எறங்கிப் போகோணும், அதுக்குப் பயம். வேண்டாம்னுதான் சொல்லுவா எதுக்கும்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? நோன்பி. எங்கூர் மாரியாத்தா நோன்பிக்கு ஒறம்பரையெல்லாம் வந்திருந்தாங்க. எங்கக்கா சரசா, அவ மருமக, அவங்கூட்டுச் சனம், ஊடு நெறைய ஆளு. பூவாத்தா ஒருத்தியே எல்லாத்துக்கும் ஆக்கிப் போட்டுட்டு நின்னா. பொழுதோட ஒருவாட்டி செவுத்தப் புடிச்சுட்டு நின்னுட்டா. எங்கக்காளுக்கு வாய் சும்மா இருக்காதுங்க.

"ஏண்டா, ஊரு முதுகெல்லாம் ஏறி மிதிக்கற. கட்டுனவ இடுப்புல பெல்ட்டக் கட்டி உட்டிருக்கற. இவளுக்கு மட்டும் உன் காலு பலிக்காதா?"ன்னுட்டா.

அத்தன பேரு முன்னால. அந்த மருமக புள்ள சிரிக்குது.

எனக்கு மொகம் செவந்து போச்சு. சத்தியமா நான் படுன்னு சொல்லல. இவதான் என் மொகத்தப் பாத்தா. பாத்துட்டு உள்ள போனா. பெல்ட்டக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்தா. தண்ணி கொண்டாந்து என் காலக் கழுவுனா, தொடச்சா. பாய அவளே விரிச்சு அவளே படுத்தா. அப்ப நான் என்ன பண்றதுங்க? சனமெல்லாம் பாத்துட்டு நிக்குது. ஏறுனேன்.

பள்ளம் முன்னைக்கு இப்ப ஆழமா இருந்துச்சு.

அவ ஒரு சத்தம் போடல. பாயோரத்துக் கோரைய மட்டும் கையில புடிச்சிருந்தா. எறங்குனதுக்கப்பறம் கொஞ்ச நேரம் அப்படியே கெடந்தா. எங்கக்கா கையக் குடுத்துத் தூக்கி உட்டா.

"எப்படி இருக்குது பூவாத்தா?"

"செரியாப் போச்சுங் அண்ணி"ன்னா. சிரிச்சா வேற.

பாத்தியா என் தம்பி காலன்னு எங்கக்கா ஊடு முச்சூடும் சொல்லிட்டுத் திரிஞ்சா. எனக்கு அன்னைக்கு எத்தன சந்தோசம் தெரியுங்களா? அத நெனச்சாத்தான் இப்ப...

செரி, உடுங்க.

மறுநாள் மாவெளக்கு எடுத்துட்டுக் கோயிலுக்குப் போனோம். பாதி வழியில பொறத்தால வந்த ஒருத்தரு, "ஏனுங்க, உங்க செருப்பு அங்க கெடக்குது"ன்னாரு. இவ குனிஞ்சு பாக்கறா, எடது கால்ல செருப்பு இல்ல. கல்லுலயும் முள்ளுலயும் அத்தன தூரம் வெறுங்கால்ல வந்திருக்கறா. வெரல்ல ரத்தம். அவளுக்கு ஒண்ணும் தெரியல. "எப்பங் மாமா போச்சு?"ன்னு என்னையக் கேக்கறா. எனக்கு எப்படீங்க தெரியும்?

அதுல இருந்து காலு இழுக்குது. பாதத்த மேல தூக்க வரல, தரையில தட்டிட்டே போகுது. மறுபடி டாக்டரம்மா. மறுபடி படம். கல்லு இன்னும் நகந்திருச்சு, நரம்பு நசுங்கிக் கெடக்குது. அந்தம்மா இந்தவாட்டி மெதுவாப் பேசல. "நல்லா ஆயிட்டு இருந்துச்சே, என்ன பண்ணுனீங்க? சொல்லுங்க, என்ன பண்ணுனீங்க?"ன்னு கேட்டாங்க.

"நோன்பிக்கு எச்சா நேரம் நின்னுட்டனுங்க"ன்னா பூவாத்தா.

அதுதானே நடந்துச்சு? நின்னாளே. பொழுது முச்சூடும் நின்னாளே. நின்னா நரம்பு சுருங்கும்னு டாக்டரே சொல்லியிருக்காங்க. அப்பறம் என்ன?

இல்ல, நீங்க என் காலையே பாக்கறீங்க தம்பி. பாருங்க, ஒண்ணுமில்ல, எல்லாத்துக்கும் இருக்கற காலுதான்.

நரம்பு மேல இருக்கற அழுத்தத்த எடுத்து உட்டு, எலும்பக் கம்பியும் திருகாணியும் வெச்சு முடுக்குவாங்களாம். வலி போயிரும்னாங்க. பாதம் திரும்பி வருமான்னு கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம். நரம்பு எத்தன நசுங்கியிருக்குன்னு இருக்குது. இன்னும் தள்ளிப் போட்டா ஒண்ணுக்குப் போறதே தெரியாமப் போயிரும்"ன்னாங்க. நான் என்னங்க செய்யோணும்னு கேட்டேன். ஏதாச்சும் சொல்லட்டும்னுதான். மலையேறு, மொட்ட போடு, எதாச்சும். "நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தாப் போதுங்கய்யா"ன்னுட்டாங்க. ஒண்ணும் பண்ணாம எப்படீங்க இருக்கறது? எனக்கு ஒண்ணும் பண்ணாம இருக்கத் தெரியாதே.

ஆனா எனக்குக் கோவம் அதுல இல்ல. அதுக்கு முந்தின வாரம் வெள்ளிக்கெழம நடந்ததுதான் தாங்க முடியல. நான் குளிச்சிட்டு இருக்கறேன். வாசல்ல ஒரு பொம்பள சத்தம். ஊதியூர்ல இருந்து வந்திருக்குது, இடுப்புப் புடிச்சுருச்சாம். பூவாத்தா கட்டில்ல கெடந்தவ, எந்திரிச்சு, செவுத்தப் புடிச்சுப் புடிச்சு வாசலுக்குப் போயிருக்கறா. "அவரு இனி மிதிக்கறதில்லீங்க. மிதிச்சாப் பலிக்கறதில்ல, கால்ல இருந்தது போயிருச்சு. நீங்க எலும்பு டாக்டருகிட்டப் போயிப் படம் எடுத்துப் பாருங்க"ன்னு சொல்லிட்டு இருக்கறா. என் காதுல கேக்குது. ஈரத் துணியோட நிக்கறேன்.

"ஏண்டி, என்ன சொல்லி அனுப்பறே? ஊரு என்ன நெனைக்கும்?"ன்னு கத்துனேன்.

அவ கதவப் புடிச்சுட்டு நின்னா. அழுகல, கோவப்படல. "காலு போயிருச்சுன்னு நெனச்சுக்குவாங் மாமா. அது ஒண்ணும் தப்பில்ல"ன்னா. "அந்தப் பொம்பளைக்கு ஊட்டுல சின்னக் கொழந்தைக இருக்குதாமா."

எதுக்கு எத முடிச்சுப் போடறா பாருங்க. அன்னைக்கிருந்து எனக்குத் தண்ணி வெக்கறதில்ல. காலு கழுவறதில்ல. எப்படிக் கழுவுவா, குனிஞ்சா எந்திரிக்க முடியலையே. அது எனக்குத் தெரியாமலா? தெரியும். இருந்தும் இந்த வாரம் வெள்ளிக்கெழம வெடியாலயே கடைக்குப் போயி, டயர் மேல உக்காந்து, காலப் பாத்துட்டே இருந்தேன். இத வெச்சுட்டு நான் இனி என்ன பண்றதுன்னு தெரியலீங்க. நாளைக்கு அவளத் தள்ளிட்டுக் கதவச் சாத்திருவாங்க. நான் வெளிய நிப்பேன். வேற என்ன தெரியும் எனக்கு? மிதிக்கத்தான் தெரியும்.

ராத்திரி கேட்டா, "மாமா, நான் நடக்காமப் போயிட்டா என்னங் பண்ணுவீங்க?"ன்னு. எனக்குப் பயமா இருக்குது தம்பி. தூங்குன மாதிரி கெடந்தேன்.

வந்திருச்சா? சிங்காநல்லூர்தான். எறங்கட்டும் எல்லாரும், நாங்க கடைசியா எறங்கிக்கறோம், இவள முண்டுவாங்க. ஏ பூவா, அவசரப்படாத, இரு!

ஐயோ, செருப்பு. பாருங்க தம்பி, அங்க, உங்க துணிப்பைக்குக் கீழ வந்து கெடக்குது. வண்டி எடுத்தப்ப நழுவி வந்திருக்கும். குடுங்க. இல்லீங்க, நீங்க போட வேண்டாம், நான் போடறேன். கண்டக்டரே, சித்த இருங்க, எறங்கிர்றோம்!

இப்படித் தள்ளி உக்காந்துக்கறேன். கீழயே உக்காந்துக்கறேன், மண்ணு ஒட்டுனா ஒட்டட்டும். இதா, காலு. ஜில்லுன்னு இருக்குது பாருங்க. மாவெளக்கு எடுத்தன்னைக்குக் குத்துனது இன்னும் ஆறல. இத்தன வருசம் என் வெரலு இடுக்கெல்லாம் தொடச்சா. இவ வெரலு இப்படி இருக்கும்னு நான் பாத்ததில்லீங்க.

நீங்க எறங்குங்க தம்பி. உங்களுக்கு நேரமாகுது. நான் வர்றேன். சித்த நேரம்.

சன்னல் வழியா மகளத் தேடிட்டு இருக்கறா. கீழ பாக்கவே இல்ல. "செருப்பு கெடச்சுதாங் மாமா?"ன்னு கேக்கறா, கேட்டீங்களா?

போட்டு முடிச்சு, கால என் மடியிலதான் வெச்சுப் புடிச்சிருக்கறேன்.